உரத்தை முதலில் தின்பது மண்

செம்பனைக்குப் போடும் உரம் எங்கே போகிறது என்று பேராக்கில் தோட்டத்துறையை அறிந்த யாரிடம் கேட்டாலும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: மரம் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை மழை அடித்துக்கொண்டு போகும். சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் தாப்பாவிலும் பால்மரக்காடுகளை அழித்துச் செம்பனை நட்ட பெரிய நிறுவனங்களும் இதையே நம்புகின்றன. நாலைந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரும் இதையே நம்புகிறார். அந்த நம்பிக்கையிலிருந்து பிறக்கும் முடிவுகளும் நேரானவை. காய்ப்புக் குறைந்தால் உரத்தைக் கூட்டு. மழை கொட்டித் தீர்த்தால் இன்னொரு சுற்றுப் போடு. ஆற்று நீரில் கெடுதல் தெரியவில்லையென்றால் கவலையை விடு. நான் மறுப்பது இந்த மூன்றையும் தாங்கி நிற்கும் அடிப்படையைத்தான். மரம், மழை என்று இரண்டே பெயர்கள் உள்ள அந்தக் கணக்கில் முதல் பங்காளியான மண்ணின் பெயரே இல்லை. நிலத்தில் நாம் சேர்க்கும் நைட்ரஜனின் பெரும்பங்கை முதலில் பிடித்துக்கொள்வது மண். மரம் சாப்பிடுவது பெரும்பாலும் மண் முன்பே சேர்த்து வைத்திருந்ததை. நம் கையை விட்டுப் போவதிலும் ஆற்றோடு போவது ஒரு பகுதிதான். காற்றோடு போவதை யாரும் பார்ப்பதில்லை, ஆகவே யாரும் எண்ணுவதுமில்லை.

ஒரு ஹெக்டர் செம்பனையை எடுத்துக்கொள்வோம். அதில் 136 முதல் 148 மரங்கள் நிற்கும். ஆண்டுக்கு ஹெக்டருக்கு 120 கிலோ நைட்ரஜன் சேரும்படி உரம் போடுவதாக வைத்துக்கொள்வோம். முதிர்ந்த தோட்டத்துக்கு இது வழக்கத்துக்கு மாறான அளவல்ல. யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு என்பதால் ஐம்பது கிலோ மூட்டையில் ஐந்துக்குச் சற்று மேல் வேண்டும். அமோனியம் சல்ஃபேட்டில் 21 விழுக்காடுதான்; மூட்டைகள் பதினொன்றைத் தாண்டும். இது உள்ளே வருவது. வெளியே போவதைக் குலை ஏற்றிச் செல்லும் லோரி சொல்லும். ஒரு டன் குலையில் ஏறத்தாழ மூன்று கிலோ நைட்ரஜன் இருக்கிறது. இங், தம்பு என்ற இரு ஆய்வாளர்கள் மலாயாச் செம்பனையில் அளந்து 1967இல் வெளியிட்ட கணக்கின்படி, ஹெக்டருக்கு 25 டன் குலை வெட்டினால் அதனோடு 73 கிலோ நைட்ரஜன் வெளியேறும். ஆனால் 25 டன் என்பது நன்றாகப் பராமரித்த தோட்டத்தின் விளைச்சல். நாட்டின் சராசரி அண்மை ஆண்டுகளில் 15 முதல் 17 டன் அளவில்தான் நிற்கிறது. அப்படியானால் லோரியில் ஏறுவது அதிகம்போனால் ஐம்பது கிலோ. போட்ட 120இல் மீதி எழுபது எங்கே?

மரத்துக்குள் இருக்கிறது என்பார்கள். சான்றாக இலைப் பகுப்பாய்வைக் காட்டுவார்கள். பதினேழாம் மட்டையின் இலையை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, நைட்ரஜன் இரண்டரை விழுக்காட்டை ஒட்டி இருந்தால் உரம் வேலை செய்கிறது என்று கையெழுத்திடுவது நெடுநாள் வழக்கம். பயனுள்ள சோதனைதான், மரம் பசியோடு இருக்கிறதா என்பதை அது நன்றாகவே சொல்லும். ஆனால் இலையில் உள்ள நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. போன மாதம் தூவிய யூரியாவிலிருந்தா, மூன்றாண்டுக்கு முன் அடுக்கிய மட்டை மக்கியதிலிருந்தா, பால்மரக் காலத்தில் படர்ந்திருந்த கொடியிலிருந்தா என்று அந்த அறிக்கை பிரித்துக் காட்டாது. வந்த வழியைக் காட்டாத சோதனையை வந்த வழிக்குச் சான்றாக வைப்பதுதான் இந்த வாதத்தின் முதல் ஓட்டை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்டு முழுக்கக் கழித்துப் போடும் மட்டைகளில் ஹெக்டருக்கு நூறு கிலோ அளவில் நைட்ரஜன் இருக்கிறது. குலையோடு வெளியேறுவதைவிட மரத்திலிருந்து தரைக்குத் திரும்புவது அதிகம். வரிசைகளுக்கு நடுவே குவித்த மட்டை அடுக்கு பார்வைக்குக் குப்பை. நைட்ரஜன் கணக்கில் அந்தத் தோட்டத்தின் மிகப் பெரிய பரிவர்த்தனை அதுதான்.

வந்த வழியைக் கண்டுபிடிக்க வேறு முறை உண்டு. இயற்கையில் உள்ள நைட்ரஜன் அணுக்களில் ஆயிரத்துக்கு நாலுக்கும் குறைவானவை மட்டும் சற்றுக் கனமானவை. நிறையெண் 14க்குப் பதில் 15. இந்தக் கனமான அணுக்கள் மிகுந்த உரத்தைத் தயாரித்து நிலத்தில் போட்டால், அவை இலைக்குப் போனாலும் வேருக்குப் போனாலும் மண்ணில் தங்கினாலும் வடிநீரில் இறங்கினாலும் கருவியில் பிடிபட்டுவிடும். இப்படி அடையாளமிட்ட உரத்தை வைத்துப் பல நாடுகளில் பல பயிர்களில் செய்த சோதனைகள் திரும்பத் திரும்ப ஒன்றைக் காட்டியிருக்கின்றன. முதல் பருவத்தில் பயிர் எடுத்துக்கொள்வது போட்டதில் பெரும்பாலும் பாதிக்கும் கீழே. அதைவிட வியப்பானது, நன்றாக உரமிட்ட வயலில்கூடப் பயிரின் உடம்பிலுள்ள நைட்ரஜனில் பாதிக்கு மேற்பட்டது அடையாளம் இல்லாதது, அதாவது மண் கொடுத்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் நிலையத்தில் 1843 முதல் உரமே போடாத கோதுமைத் துண்டு ஒன்று இருக்கிறது. அது இன்றும் ஹெக்டருக்கு ஒரு டன் அளவில் விளைந்துகொண்டிருக்கிறது. மூட்டை இல்லாமல் இத்தனை தலைமுறை அந்தக் கதிர் தின்றது எதை என்று நம் எதிர்த்தரப்பார் யோசித்துப் பார்க்கலாம்.

இந்தச் சோதனைகளில் நான் மிகவும் மதிப்பது பிரான்சில் நடந்தது. 1982இல் ஒரே ஒரு முறை அடையாளமிட்ட நைட்ரஜன் உரத்தைப் போட்டு, அடியில் வடிநீரைப் பிடிக்கும் ஏற்பாட்டோடு சர்க்கரைக்கிழங்கும் கோதுமையும் மாற்றி மாற்றிப் பயிரிட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். முடிவு 2013இல் வந்தது. பயிர்கள் மொத்தமாக எடுத்தது 61 முதல் 65 விழுக்காடு. முப்பது ஆண்டு கழித்தும் மண்ணின் கரிமப் பொருளில் ஒட்டியிருந்தது 12 முதல் 15. நீரோடு கசிந்தது 8 முதல் 12. மூன்றில் இரண்டு பங்கு பயிருக்குத்தானே போயிருக்கிறது என்று எதிர்த்தரப்பு மகிழலாம். ஆனால் அது ஒரு பருவக் கணக்கன்று, ஒரு தலைமுறைக் கணக்கு. முதலில் மண் விழுங்கி, பிறகு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்ததையும் சேர்த்த தொகை அது. அதே மண்ணிலிருந்து அந்த 1982ஆம் ஆண்டு நைட்ரேட் இன்னும் குறைந்தது ஐம்பது ஆண்டுகள் கசியும் என்பது அவர்கள் மதிப்பீடு. நம் வெப்பத்தில் மண்ணின் சுழற்சி வேகமானது, ஆண்டுகள் சுருங்கலாம். வரிசை மாறாது: முதலில் மண், பிறகு மற்றவை.

காட்டிலும் இதே கதைதான், இன்னும் தெளிவாக. தொழிற்சாலைப் புகையிலிருந்து காட்டின் மீது படியும் நைட்ரஜன் மரங்களைக் கொழுக்கவைக்கும், அவை காற்றிலுள்ள கரியை இழுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை 1990களில் வலுவாக இருந்தது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள காடுகளில் அடையாள நைட்ரஜனைத் தூவி அளந்த நாடல்ஹோஃபரும் கூட்டாளிகளும் 1999இல் நேச்சர் இதழில் எழுதியது அந்த நம்பிக்கையின் மேல் தண்ணீர் ஊற்றியது. மரங்களுக்குச் சேர்ந்தது ஐந்தில் ஒரு பங்கு அளவு, பெரும்பகுதி மண்ணில். அமெரிக்காவின் ஹார்வர்ட் காட்டில் 1988 முதல் ஆண்டுதோறும் நைட்ரஜனை மிகையாகக் கொட்டிய பைன் துண்டில், பல ஆண்டுகளுக்குப் பிறகு மரங்கள் கொழுப்பதற்குப் பதில் செத்தன. நம் பழைய ரப்பர்த் துறைக்கு இது புதிதன்று. நைட்ரஜனை அளவுக்கு மேல் போட்டால் தலை கனத்து, காற்றில் பால்மரம் நடுவே முறியும் என்று அந்தக் காலத் தோட்ட நிர்வாகிகள் அறிந்தே வைத்திருந்தார்கள்.

மண் எப்படித் தின்கிறது என்பதைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். யூரியா மணி ஒன்று மரத்தடி வட்டத்தில் விழுகிறது. ஈரம் பட்டதும் கரைகிறது. மண்ணிலும் மக்கும் குப்பையிலும் ஏராளமாக உள்ள யூரியேஸ் என்ற நொதி அதைச் சில நாட்களில் அமோனியமாக உடைக்கிறது. உடையும்போது அந்த மணியைச் சுற்றிய சிறு இடத்தில் புளிப்பு குறைந்து காரம் ஏறுகிறது. காரம் ஏறியதும் அமோனியத்தில் ஒரு பகுதி வாயுவாகிக் கிளம்பிவிடுகிறது. வெயில் காயும் தரையில், காய்ந்த சருகின் மேல் போட்டிருந்தால் இந்த இழப்பு பத்தில் மூன்று, நான்கு பங்கு வரை போகும். மூட்டைக்குக் கொடுத்த பணத்தில் அவ்வளவும், ஒரு சொட்டு மழைகூடப் பெய்யாமல், போட்ட வாரத்திலேயே பறந்துவிட்டது. தப்பித்த அமோனியத்துக்காக வேர் மட்டும் காத்திருக்கவில்லை. நுண்ணுயிர்களும் காத்திருக்கின்றன, வேரைவிட எண்ணிக்கையில் அதிகமாக, வேரைவிட நெருக்கமாக. அவற்றின் உடம்பில் எட்டுப் பங்கு கரிக்கு ஒரு பங்கு நைட்ரஜன் என்ற அளவு. மட்டை போன்ற நார்ப்பொருளில் கரி மிகுதி, நைட்ரஜன் சொற்பம். அதைத் தின்று செரிக்க வேண்டுமானால் நைட்ரஜனை வெளியிலிருந்து பிடித்தாக வேண்டும், பிடிக்கின்றன. அவை செத்ததும் அந்த நைட்ரஜன் மண்ணின் கரிமப் பொருளாகிறது. களிமண் துகளில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உட்காருகிறது. அங்கிருந்து மெல்ல விடுபடுவதைத்தான் மரம் அன்றாடம் உண்கிறது.

அந்தக் கையிருப்பு எவ்வளவு பெரியது என்பதை வீட்டிலிருந்தே கணக்குப் போடலாம். ஒரு ஹெக்டரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 2,000 டன். அதில் நைட்ரஜன் 0.12 விழுக்காடு என்று குறைவாகவே வைத்தாலும் 2,400 கிலோ வருகிறது. நாம் ஆண்டுக்குப் போடுவதுபோல் இருபது மடங்கு. அதில் நூற்றுக்கு நாலு பங்கு ஓர் ஆண்டில் விடுபட்டால் 96 கிலோ; உர மூட்டைகளோடு தோள் உரசும் அளவு. இந்த எண்களைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பால்மரம் உறிஞ்சித் தீர்த்த செத்த மண் என்று பழைய தோட்டங்களைப் பற்றிச் சொல்லும் பேச்சைக் கேட்டால் அதன் பலவீனம் தெரியும். பால்மரம் நைட்ரஜனைத் தீர்க்கவில்லை. ஒரு டன் உலர்ந்த ரப்பரோடு தோட்டத்தை விட்டு வெளியேறுவது பத்துக் கிலோ அளவுதான். பேராக்கின் மேட்டு நிலத்தை உண்மையில் ஏழையாக்கியது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புல் பூண்டு ஒன்றுகூட இல்லாமல் நிலத்தைச் சுரண்டி வைக்கச் சொன்ன நிர்வாக முறை. மண்வெட்டியோடு நம் பாட்டிமார் வரிசை வரிசையாகச் செதுக்கிய அந்தச் சுத்தத்துக்கு விலை, மழையில் ஆற்றுக்குப் போன மேல்மண். அதை உணர்ந்த பிறகே புவேரேரியா, சென்ட்ரோசீமா, கலோபோகோனியம் என்ற அவரையினக் கொடிகளை இளம் பால்மரங்களுக்கு நடுவே படரவிட்டார்கள். கிறிஸ்மஸ் தீவின் பாறைப் பாஸ்பேட்டைத் தூவி அவற்றை வளர்த்தார்கள். 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைகளில், கொடி படர்ந்த துண்டுகளின் மரங்கள், கொடி நிழலில் மறைந்துபோன பல ஆண்டுகளுக்குப் பிறகும் மற்றவற்றை முந்தின. செத்துப்போன கொடி எப்படிச் சோறு போட்டது? மண் வைத்திருந்து கொடுத்தது. மரமும் மழையும் மட்டுமே உள்ள கணக்கில் இதற்கு விளக்கமே கிடையாது.

கிந்தாப் பள்ளத்தாக்கில் இதற்கு எதிர்மறையான சான்றும் பக்கத்திலேயே இருக்கிறது. ஈயம் அலசிய பிறகு விட்டுப்போன மணல்வெளிகள் கம்பாரிலிருந்து ஈப்போவைத் தாண்டியும் கிடக்கின்றன. கருங்கல் பாறை மக்கிய செம்மண்ணும் இந்த அலசல் மணலும் சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே மழையை வாங்குகின்றன. ஒரே கடை யூரியா இரண்டிலும் விழலாம். மணலில் களியும் இல்லை, கரிமப் பொருளும் இல்லை. பிடித்துவைக்க ஆளில்லாத நைட்ரஜன் அடுத்த கனமழையில் வேரைத் தாண்டி இறங்கிவிடும். அதனால்தான் இந்த மணலில் காய்கறி போடுவோர் கோழிச் சாணத்தை வண்டி வண்டியாகக் கொட்டி, உரத்தையும் சிறிது சிறிதாக அடிக்கடி போடுகிறார்கள். மழை அடித்துக்கொண்டு போகும் என்ற நம்பிக்கை இங்கே உண்மை. ஆனால் அது மழையின் குணத்தைக் காட்டவில்லை, மண்ணின் குணத்தைக் காட்டுகிறது. மணலுக்குப் பொருந்தும் விதியைச் செம்மண்ணுக்கும் ஓட்டியதுதான் பிழை.

முதல் மறுப்பு பணத்தின் குரலில் வரும். 2021இலும் 2022இலும் யூரியா விலை உலகச் சந்தையில் மூன்று மடங்குக்கு மேல் ஏறியபோது பல சிறுதோட்டக்காரர்கள் உரத்தை நிறுத்தினார்கள் அல்லது பாதியாக்கினார்கள். பிறகு குலை குறைந்தது. மண் கொடுக்கும் என்றால் ஏன் கொடுக்கவில்லை? நியாயமான கேள்வி. உரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஐம்பது, எழுபது கிலோ லோரியில் போகும் நிலத்துக்கு அதைத் திருப்பி வைக்காவிட்டால் கையிருப்பு கரையும், இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியின் கால வரிசையைப் பார்க்க வேண்டும். மூட்டையை நிறுத்திய மாதமே குலை நிற்கவில்லை. செம்பனையில் ஒரு பூ ஆணா பெண்ணா என்று தீர்மானமாவதே குலை வெட்டுவதற்கு ஏறத்தாழ ஈராண்டுக்கு முன்பு. ஆகவே விளைவு தாமதமாகத்தான் தெரியும். அந்த இடைக்காலத்தில் மரம் வாழ்ந்தது தண்டிலும் மண்ணிலும் இருந்த சேமிப்பில். உரம் நேராக மரத்துக்குப் போகிறது என்றால் இந்தத் தாங்குதிறன் எங்கிருந்து வந்தது? மட்டையை ஒழுங்காக அடுக்கி, தரையில் பச்சை விட்டு வைத்திருந்த தோட்டம் அந்த இரண்டு ஆண்டுகளை மொட்டைத் தரைத் தோட்டத்தைவிட நன்றாகத் தாங்கும் என்பதும் இதிலிருந்து தானாக வரும் முடிவு. விலையேற்றம் என் வாதத்துக்கு எதிரான சாட்சியாகத் தெரியவில்லை.

அடுத்த மறுப்பு ஆற்றைக் காட்டும். நீரைச் சோதித்தால் நைட்ரேட் உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையான லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு வெகு கீழே இருக்கிறது, ஆகவே மிச்சம் பெரிதாக எதுவும் இல்லை, மரமே எடுத்துவிட்டது என்பார்கள். இதில் இரண்டு பொருள்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. ஒன்று, நம் பழைய செம்மண்ணின் ஆழத்தில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மிகுந்த அடுக்குகள் உண்டு. வழக்கமான மண் நைட்ரேட்டைத் தள்ளிவிடும். இவை அதை ஓரளவு பிடித்து நிறுத்தும். இன்று ஆற்றில் இல்லாதது நாளைக்கு இறங்கிவரலாம், அடியிலேயே கிடக்கலாம். மற்றொன்று காற்று. ஈரம் மிகுந்து மூச்சு முட்டும் மண்ணில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக மாற்றுகின்றன. அதில் பெரும்பகுதி சாதாரண நைட்ரஜன் வாயு. காற்றில் ஏற்கெனவே நூற்றுக்கு 78 பங்கு அதுவே இருப்பதால், ஒரு தோட்டத்திலிருந்து கூடுதலாகக் கிளம்பியதை வயலில் நின்று அளப்பது மிகக் கடினம். அளக்க முடியாததைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, கணக்கு சரியாக வந்ததாக மகிழ்கிறோம்.

காற்றோடு போவது நம் ஊரில் அதிகமாக இருக்கக் காரணமும் உண்டு. நாடல்ஹோஃபரின் கட்டுரை வந்த அதே 1999இல், அதே நேச்சர் இதழில், ஹவாய்த் தீவுகளின் இரண்டு காடுகளை ஒப்பிட்டு ஹாலும் மாட்சனும் எழுதினார்கள். ஒன்று இளம் எரிமலை மண், நைட்ரஜனுக்கு ஏங்குவது. மற்றொன்று மிகப் பழைய மண், நைட்ரஜன் போதுமானது, பாஸ்பரஸுக்கு ஏங்குவது. இரண்டிலும் நைட்ரஜனைச் சேர்த்தபோது பழைய மண்ணிலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் உடனே, பன்மடங்கு அதிகமாகக் கிளம்பின. பற்றாக்குறை பாஸ்பரஸில் இருக்கும்போது நைட்ரஜனைக் கூட்டினால் உயிர்களுக்கு அதில் வேலையில்லை, அது வெளியேறுகிறது. பேராக்கின் மேட்டு மண் ஹவாயின் இரண்டாவது மண்ணின் இனம்: பழையது, மழையில் அலசப்பட்டது, பாஸ்பேட்டை இரும்பிலும் அலுமினியத்திலும் பூட்டிவைப்பது. கொடி விதைத்த அந்தக்கால ஆட்கள் முதலில் பாறைப் பாஸ்பேட்டைத் தூவியது தற்செயலன்று. இன்று இலை மஞ்சளாகத் தெரிந்ததும் கைபோவது யூரியாவுக்கு.

இந்த வாயுக்களில் நைட்ரஸ் ஆக்சைடு தனியாகச் சொல்லத் தக்கது. நூறு ஆண்டுக் கணக்கில் அது கரிவாயுவைப்போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். நூறாண்டுக்கு மேல் காற்றில் தங்கும். போட்ட நைட்ரஜனில் நூற்றில் ஒரு பங்கு இப்படிப் போகும் என்ற பொதுவான அளவை வைத்தாலே நம் 120 கிலோவிலிருந்து ஏறத்தாழ 1.9 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு, அதாவது ஹெக்டருக்கு அரை டன் கரிவாயுவுக்குச் சமம். பாகான் டத்தோப் பக்கத்தில் காம்புட் எனப்படும் கரிமச் சதுப்பு மண்ணில், வடிகால் வெட்டியதும் மண்ணே மக்கி நைட்ரஜனை விடுவிப்பதால், இந்த நூற்றில் ஒன்று என்ற கணக்கு பொருந்தவே பொருந்தாது. அங்கே உரம் போடாமலேயே வாயு கிளம்பும். சபாவில் அளந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு வேறொரு கிளையைக் காட்டியது. செம்பனை இலைகள் ஐசோபிரீன் என்ற ஆவியை ஏராளமாக விடுகின்றன. உரமிட்ட மண்ணிலிருந்தும் ஆலையிலிருந்தும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் அதனோடு கூடினால் தரைமட்ட ஓசோன் உண்டாகும், அது பயிருக்கும் மனித நுரையீரலுக்கும் கேடு. மிச்சம் ஆற்றோடு போய்விடும் என்பவர் இவை எதையும் தன் கணக்கில் வைப்பதில்லை.

சரி, மண்ணே சேமிக்கிறது என்றால் அதிகமாகப் போட்டு வைத்தால் நல்லதுதானே, எப்போதாவது மரத்துக்கு வரும் அல்லவா என்று சிலர் என் வாதத்தையே எனக்கு எதிராகத் திருப்புவார்கள். மண்ணின் பிடிப்புக்கு எல்லை உண்டு என்பதை அவர்கள் விட்டுவிடுகிறார்கள். நைட்ரஜனைப் பிடிப்பது கரி. கரி இல்லாமல் நைட்ரஜன் மட்டும் தங்காது. களைக்கொல்லி அடித்து வெறும் தரையாக்கிய தோட்டத்தில், மட்டையைக் கொளுத்திய தோட்டத்தில், நுண்ணுயிர்க்குக் கரித்தீனி இல்லை. அங்கே கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு மூட்டையும் முன்னதைவிட வேகமாகக் கசியும். அதோடு அமோனியம் நைட்ரேட்டாக மாறும்போது மண் புளிக்கிறது. அமோனியம் சல்ஃபேட்டை ஆண்டுக்கணக்கில் போட்ட இடத்தில் இன்னும் அதிகமாகப் புளிக்கிறது. நைட்ரேட் இறங்கும்போது தனியாக இறங்குவதில்லை, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. குலையோடு நைட்ரஜனைவிட அதிகமாக வெளியேறும் பொட்டாசியத்தை இப்படியும் இழந்துவிட்டு, அதற்கு வேறொரு மூட்டை வாங்குகிறோம்.

மறுபக்கத்தில் இயற்கை உர ஆர்வலர்கள் இருக்கிறார்கள். இதுவரை படித்தவரை அவர்கள் தலையாட்டியிருக்கக்கூடும். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நைட்ரஜன் வீணாவதை 2030க்குள் பாதியாகக் குறைப்போம் என்று பல நாடுகள் ஒப்புக்கொண்ட பிரகடனம் 2019 அக்டோபரில் கொழும்பில் உருவானது. அதே இலங்கை 2021இல் ரசாயன உரத்தையே ஒரே அடியில் தடை செய்தது. நெல்லும் தேயிலையும் வீழ்ந்தன. ஆண்டு முடிவதற்குள் தடை விலகியது. கையிருப்பை வளர்க்காமல் வரவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்தில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை. பாக்டீரியா நைட்ரேட்டின் பிறப்பிடத்தை விசாரிப்பதில்லை. கோழிச் சாணத்திலிருந்து வந்ததும் கசியும், வாயுவாகும். கிந்தாவின் மணலில் சாணத்தை மலையாகக் கொட்டும் காய்கறித் தோட்டம், இயற்கை உரம் என்பதாலேயே நீரைக் கெடுக்காமல் இருந்துவிடாது. இந்தியா 2015இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுவதைக் கட்டாயமாக்கியது. கரைந்த அமோனியம் நைட்ரேட்டாக மாறுவதை அது தாமதப்படுத்துகிறது. ரசாயனமா இயற்கையா என்ற சண்டையைவிட அந்தத் தாமதம் பயனுள்ள திசையைக் காட்டுகிறது.

இந்த வாதம் முழுவதும் மறுநடவுக் காலத்தில் சோதனைக்கு வரும். பேராக்கில் பால்மரத்தை அழித்து நட்ட முதல் தலைமுறைச் செம்பனை பல இடங்களில் இருபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்படுவதற்கு எதிராகத் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் முதல் தனிமனிதர்வரை, நிலம் வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்த முடிவு வரும். முதிர்ந்த ஒரு ஹெக்டர் செம்பனையைச் சாய்க்கும்போது தண்டிலும் மட்டையிலும் 500 கிலோவுக்கு மேல் நைட்ரஜன் தரையில் விழுகிறது, நான்கு ஆண்டு உரத்துக்குச் சமமாக. அதை எடுத்துக்கொள்ள அங்கே மரம் இல்லை. புதிய கன்றின் வேர் ஒரு முறம் அகலத்துக்குக்கூடப் பரவியிருக்காது. அந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தான் தோட்டத்தின் வாழ்நாளிலேயே நைட்ரஜன் மிக அதிகமாகக் கசியும் காலம். அப்போது தரையை மூடி, மக்குவதைப் பிடித்து வைத்து, தானும் காற்றிலிருந்து சேர்க்கக்கூடியது அவரையினக் கொடி. இந்நாட்டுச் செம்பனையில் அகமுத்துவும் ப்ரோட்டனும் 1985இல் வெளியிட்ட அளவீட்டில் அந்தக் கொடிகள் ஆண்டுக்கு ஹெக்டருக்கு 150 கிலோ அளவில் நைட்ரஜனைச் சேர்த்தன. விதைக்குச் செலவு, கொடியைக் கன்றின் மேல் ஏறவிடாமல் சுருட்டி எடுக்க ஆள்கூலி, அந்த ஆட்களும் இப்போது கிடைப்பதில்லை என்று சிறுதோட்டக்காரர் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் அதே சிறுதோட்டக்காரர், சாய்த்த மரங்களுக்கு நடுவே களைக்கொல்லி அடித்து, வருமானம் இல்லாத அந்த மூன்று ஆண்டிலும் கன்றுக்கு யூரியா வாங்குகிறார். அந்த 150 கிலோவை மூட்டையாக வாங்கினால் ஆண்டுக்கு ஆறரை மூட்டை. கொடி இல்லாத தரையில் கசிந்தது எவ்வளவு என்பது அதற்கு மேல்.